ஐபாடின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி இடம் இருந்தது. 2014 செப்டம்பரில் ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் நிறுத்தியபோது அதில் 160 ஜிபி. நடுவில் எத்தனையோ மாடல்கள் வந்தன, ஒன்றில்கூட மெமரி கார்டு போட இடம் வைக்கவில்லை. அதிக இடம் வேண்டுமானால் அதிக விலை மாடலை வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. இன்றைக்குப் போன்களிலும் அதே கதைதான் நடக்கிறது.

ஆனால் ஐபாட் வீடியோவிலும் கிளாசிக்கிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பாட்டுகள் இருக்கும் இடம் மதர்போர்டோடு ஒட்டியதில்லை. 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று தனியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது, ஒரே ஒரு ரிப்பன் கேபிளில் இணைந்திருக்கிறது. அதைக் கழற்றி, அதே கேபிளில் எஸ்டி கார்டு ஏற்கும் ஒரு சின்ன போர்டை மாட்டினால் ஐபாடுக்கு வித்தியாசமே தெரியாது. சாலிடரிங் எதுவும் வேண்டாம். பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் வீட்டு மேசையிலேயே முடித்துவிடலாம். அப்புறம் ஆப்பிள் தராமல் விட்ட வசதிகளையும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த ஐபாட்?

இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கார்டு வாங்கக் கூடாது. பின்புறம் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். ஏ1136 என்றால் ஐபாட் வீடியோ, அதாவது ஐந்தாம் தலைமுறை. ஏ1238 என்றால் கிளாசிக்.

ஐபாட் வீடியோ 2005-ல் 30, 60 ஜிபிகளில் வந்தது. 2006-ல் அதையே கொஞ்சம் மெருகேற்றி 30, 80 ஜிபிகளில் விட்டார்கள். இதைத்தான் 5.5 என்று சொல்வார்கள். மியூசிக் மெனுவில் பாட்டைத் தேடும் 'சர்ச்' இருந்தால் அது 5.5, இல்லையென்றால் 2005 மாடல். 30 ஜிபி மாடல்களில் ராம் 32 எம்பி, 60, 80 ஜிபி மாடல்களில் 64 எம்பி. இந்த ராம் கணக்கு பின்னால் முக்கியமாக வரும்.

கிளாசிக்கில் நான்கு வகை: 2007-ன் 80 ஜிபி, அதே வருஷத்தின் தடிமனான 160 ஜிபி, 2008-ன் 120 ஜிபி, 2009-ன் மெல்லிய 160 ஜிபி. இவற்றில் 80, 120 இரண்டுக்கும் ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு. ஆப்பிளின் மென்பொருள் அவற்றில் 128 ஜிபிக்கு மேல் இடத்தைப் பார்க்காது. 256 ஜிபி கார்டு போட்டுவிட்டு ரீஸ்டோர் (ஆப்பிளின் மென்பொருளைக் கார்டில் புதிதாக ஏற்றுவது) ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் அர்த்தமில்லை, 128 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2009 மாடலுக்கும் ஐபாட் வீடியோவுக்கும் இந்தத் தடை இல்லை. தடிமனான 2007 மாடல் 160 ஜிபியில் டிஸ்க் இணைப்பே வேறு வகை. முதல் முறை செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

பழைய ஐபாட் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு 5.5-க்குத்தான். பெட்டியைத் திறப்பது கிளாசிக்கைவிடப் பல மடங்கு சுலபம். அதன் வுல்ப்சன் சிப் தரும் ஒலியைப் புகழ்ந்து பேசுபவர்கள் நிறைய. ஒலி நல்லதுதான், ஆனால் அதைவிட நீங்கள் மாட்டும் இயர்போன்தான் பெரிய வித்தியாசம் காட்டும். அந்தக் காரணத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

டிஸ்க் உண்மையிலேயே சாகிறதா என்று பார்ப்பது

கிளாசிக், வீடியோ இரண்டிலும் ஒளிந்திருக்கும் சோதனை மெனு ஒன்று உண்டு. மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். சின்னம் வந்ததும் விட்டுவிட்டு, உடனே நடுப் பட்டனையும் பின்னால் போகும் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் பகுதியில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' விவரம் இருக்கும். 'ரீஅலாக்ஸ்', 'பெண்டிங் செக்டர்ஸ்' என்ற வரிகளில் எண்கள் ஏறியிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டுகளை அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடுங்கள். எண்கள் பூஜ்யமாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம். எடை குறையும், கீழே விழுந்தாலும் டிஸ்க் உடைந்துவிடும் என்ற பயம் இருக்காது.

எவ்வளவு ஜிபி போதும்?

பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்படுவது எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 256 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 9.6 எம்பி. 128 ஜிபி கார்டில் அப்படி 13,000 பாட்டுக்கு மேல் போகும். சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃபிளாக் கோப்பு என்றால் ஒரு பாட்டுக்கு 30 எம்பி வரை ஆகும், அப்போதும் 4,000 பாட்டு வைக்கலாம்.

இன்னொரு பக்கம் ராம் குறுக்கே நிற்கிறது. ஆப்பிளின் மென்பொருள் பாட்டுப் பட்டியல் முழுவதையும் ராமில் ஏற்றிக்கொள்ளும். 32 எம்பி ராம் உள்ள ஐபாட் சுமார் 20,000 பாட்டுக்கு மேல் திணறுகிறது, 64 எம்பி உள்ளது 50,000 வரை தாங்குகிறது. இது பயன்படுத்தியவர்கள் கண்ட தோராயக் கணக்கு. டேக்கில் (பாட்டுக் கோப்புக்குள் இருக்கும் பாட்டுப் பெயர், பாடகர் போன்ற விவரத்தில்) நீளமான குறிப்புகளை நிரப்பி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் திணறும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு 128 அல்லது 256 ஜிபி போதும் என்பது என் கருத்து.

வாங்க வேண்டியவை

அடாப்டர் போர்டில் ஐஃபிளாஷ் என்ற பிரிட்டன் தயாரிப்புதான் இந்த வேலைக்கென்றே வடிவமைத்தது. 'சோலோ' ஒரு எஸ்டி கார்டு ஏற்கும், 'குவாட்' நான்கு மைக்ரோ எஸ்டி ஏற்கும். வெளிநாட்டிலிருந்து வருவதால் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விலை குறைந்த பெயரில்லாத போர்டுகளும் கிடைக்கின்றன, சில ஒழுங்காக ஓடும், சில முதல் ரீஸ்டோரையே தாண்டாது. நான்கு கார்டு போர்டு வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நான்கையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகத்தான் ஐபாட் பார்க்கும், ஒரு கார்டு செத்தால் மொத்தமும் போகும். ஒரே பெரிய கார்டு மேல்.

கார்டில் போலிகள் ஏராளம். வெளியே 256 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 32 ஜிபிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் 256 என்றே காட்டும், 32 நிரம்பியபின் எழுதியதெல்லாம் காற்றில் போகும். அதனால் ஐபாடைத் திறப்பதற்கு முன்பே கார்டைச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக்கில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். சில மணி நேரம் ஆகும், இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள். கார்டு தேறாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கச் சான்றும் கையில் இருக்கும்.

மற்றபடி மெல்லிய பிளாஸ்டிக் பிக் (கிட்டார் மீட்டும் சின்னத் துண்டு மாதிரி) இரண்டு மூன்று, ஒரு பிளாஸ்டிக் நெம்பி, மின்சாரம் கடத்தாத மஞ்சள் கேப்டான் டேப், கொஞ்சம் ஸ்பாஞ்சு. கிளாசிக் என்றால் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றும் வேண்டும். இவை சென்னை ரிச்சி தெரு மாதிரி மின்னணுக் கடைத் தெருக்களில் சல்லிசாகக் கிடைக்கும். பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள், இவ்வளவு வருஷம் கிடந்த பேட்டரிக்காக இன்னொரு முறை பெட்டியைத் திறக்க வேண்டாம். உங்கள் மாடலின் பெயர் போட்ட பேட்டரியையே வாங்குங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

பெட்டியைத் திறப்பது

ஹோல்டு சுவிட்சைப் பூட்டிய நிலைக்குத் தள்ளுங்கள். உள்ளே வேலை பார்க்கும்போது ஐபாட் தானாக ஆன் ஆகாது.

வீடியோ மாடலில் முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் எஃகு. இரண்டும் சேரும் கோட்டில் பிக்கை நுழைத்து, எஃகுப் பக்கம் சாய்த்து மெல்ல நெம்பினால் 'டக்' என்று ஒரு கிளிப் விடும். அங்கேயே அந்தப் பிக்கை விட்டுவிட்டு, அடுத்ததை இன்னும் தள்ளி நுழைத்துவிடுங்கள். பக்கவாட்டு கிளிப்கள் ஒவ்வொன்றாக விடும். முன்பக்கப் பிளாஸ்டிக்கில் கீறல் விழாமலிருக்க, நெம்பும் அழுத்தம் முழுவதும் எஃகின் மேலேயே இருக்கட்டும்.

கிளாசிக் இப்படிச் சுலபமாக வராது. இரண்டு பக்கமும் உலோகம், கிளிப்கள் இறுக்கமானவை. மெல்லிய தகட்டைப் பக்கவாட்டில் நேராக உள்ளே இறக்கி, முறுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் ஓரம் வளைந்து நிரந்தரமாக இடைவெளி தெரியும். திறந்தபின் உள்ளே வளைந்திருக்கும் கிளிப் பட்டைகளை இடுக்கியால் நிமிர்த்திவிடுங்கள். மூடும்போது இறுக்கமாக உட்காருவது அதைப் பொறுத்ததுதான்.

கிளிப்கள் விட்டதும் இரண்டு பாதியையும் பிடுங்கிப் பிரிக்காதீர்கள். பேட்டரியும் ஹெட்போன் துளையும் பின்பாதியில் ஒட்டியிருக்கின்றன, அவற்றின் மெல்லிய ரிப்பன்கள் முன்பாதிக்குப் போகின்றன. புத்தகம் திறப்பது மாதிரி மெதுவாக விரியுங்கள். முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி ரிப்பன். வீடியோ மாடலில் அதன் கனெக்டரில் பழுப்பு நிறப் பட்டை ஒன்று இருக்கும். நெம்பியால் அதை ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ மேலே தூக்கினால் ரிப்பன் தளர்ந்துவிடும். பட்டை முழுவதுமாகக் கழன்று வராது, வரவும் கூடாது. அது உடைந்தால் கனெக்டரே வீண், அதனால் ஒரு ஓரத்தில் மட்டும் நெம்பாமல் இரண்டு ஓரத்திலும் மாறி மாறித் தூக்குங்கள். ஹெட்போன் ரிப்பனைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தே வேலையை முடிக்கலாம்.

டிஸ்க்கை மாற்றுவது

டிஸ்க்கைச் சுற்றி ரப்பர் மெத்தை இருக்கும். டிஸ்க்கைத் தூக்கிப் புரட்டினால் ரிப்பன் கேபிள் அதில் நுழையும் இடம் தெரியும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் பளபளக்கும் முனைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கனெக்டரின் குறுக்கே மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று படுத்திருக்கும். நகத்தால் அதை நிமிர்த்தினால் கேபிள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வெளியே வரும். வரவில்லை என்றால் பட்டை இன்னும் முழுதாக நிமிரவில்லை என்று அர்த்தம், இழுக்காதீர்கள். அடாப்டர் போர்டிலும் இதே மாதிரிப் பட்டை இருக்கிறது. அதை நிமிர்த்தி, கேபிளை நேராக, அடிவரை தள்ளி, பட்டையை மறுபடி படுக்க வையுங்கள். கேபிளின் விளிம்பு கனெக்டரின் விளிம்புக்கு இணையாக நிற்கிறதா என்று கண்ணை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு முனை அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் ஐபாட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்காது. இந்த வேலையில் வரும் பிரச்சினைகளில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

கார்டைச் செருகி, போர்டின் பின்புறத்தில் கேப்டான் டேப் ஒட்டுங்கள், எஃகு முதுகில் பட்டு ஷார்ட் ஆகாமல் இருக்கும். டிஸ்க் இருந்த இடத்தில் இப்போது நிறைய காலி இடம் இருக்கும். போர்டு உள்ளே ஆடாமலிருக்க ஸ்பாஞ்சை வெட்டி வையுங்கள். அழுத்தம் திரைக்குப் போகும் அளவுக்குத் திணிக்க வேண்டாம்.

பழைய பேட்டரி பின்பாதியில் பசையால் ஒட்டியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் நெம்பியால் மட்டும் எடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் இன்னும் கவனம்.

மூடுவதற்கு முன் ரீஸ்டோர்

பேட்டரி ரிப்பனை மாட்டி, பெட்டியை மூடாமலேயே யூஎஸ்பியில் இணையுங்கள். புது கார்டு வெறுமையாக இருப்பதால் ஐடியூன்ஸில் (ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் கம்ப்யூட்டர் மென்பொருள்) ரீஸ்டோர் செய்யச் சொல்லும் படமோ, ஆச்சரியக்குறி போட்ட ஃபோல்டர் படமோ வரும். பயப்பட வேண்டாம், அதுதான் வர வேண்டும். ஐடியூன்ஸ் தானாக ஐபாடைக் காணவில்லை என்றால் டிஸ்க் மோடுக்குப் போங்கள்: மெனு, நடுப் பட்டன் இரண்டையும் அழுத்தி ஆப்பிள் சின்னம் வந்ததும், நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடிக்க வேண்டும்.

ரீஸ்டோரை விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள். மேக்கில் செய்தால் கார்டு ஆப்பிளின் சொந்த வடிவத்தில் ஃபார்மேட் ஆகிவிடும், ராக்பாக்ஸுக்கு அது ஒத்துவராது. விண்டோஸில் ஃபேட்32 ஆகும், அதை மேக்கும் படிக்கும்.

ரீஸ்டோர் முடிந்ததும் ஒரு ஆல்பத்தை ஏற்றி, இயர்போன் மாட்டிக் கேட்டு, ஹோல்டு சுவிட்சையும் சோதித்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். மீதிப் பாட்டுகளை ஒரேயடியாகத் தள்ளாமல் இரண்டு மூவாயிரமாகப் பிரித்து ஏற்றுங்கள். எங்காவது நின்றால் எந்தத் தொகுப்பில் நின்றது என்று தெரியும்.

இதையே போனில் செய்ய முடியாதா?

முடியாது. போனின் சேமிப்புச் சிப் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது. சிப்பை மாற்றித் தரும் கடைகள் உண்டு, ஆனால் அது நுண்ணோக்கியும் வெப்பக் கருவியும் வைத்துச் செய்யும் வேலை.

மைக்ரோ எஸ்டி துளை உள்ள போன் என்றால் கார்டு போடலாம். கேலக்ஸி எஸ்6-ல் 2015-ல் அந்தத் துளையை எடுத்தார்கள், அடுத்த வருஷம் எஸ்7-ல் திரும்பத் தந்தார்கள், 2021-ல் எஸ்21-ல் மறுபடி எடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 6.0-லிருந்து சில போன்களில் கார்டை உள் சேமிப்போடு சேர்க்கும் வசதி உண்டு. பாட்டுக்காக என்றால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கார்டு அந்தப் போனோடு பூட்டப்படும், போன் செத்தால் கார்டில் உள்ளதை வேறெங்கும் படிக்க முடியாது. வெளிச் சேமிப்பாகவே வைத்தால் கார்டை உருவி எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு யூஎஸ்பி-சி இணைப்பான் வாங்கும்போது உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற மின்சைகையாக மாற்றுவது) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு இணைப்பான்கள் பல போன்களில் ஒலியே தராது. எஃப்எம் ரேடியோ விஷயம் வேறு. அதற்குச் சிப், ஆன்டெனாவாக இயர்போன் வயர், தயாரிப்பாளர் தரும் ஆப் மூன்றும் வேண்டும். ஒன்றை அவர்கள் விட்டுவிட்டாலும் நம்மால் சேர்க்க முடியாது.

ஆப்பிள் தராததை ராக்பாக்ஸ் தருவது

ராக்பாக்ஸ் 2001-ல் ஆர்கோஸ் பிளேயர்களுக்காகத் தன்னார்வலர்கள் தொடங்கிய மென்பொருள். இன்னும் உயிரோடு இருக்கிறது, 2025-ல் 4.0 பதிப்பு வந்தது. இருபது வருஷப் பழைய கருவிக்கு இன்றும் ஒருவர் உட்கார்ந்து திருத்தம் எழுதுகிறார் என்பது எனக்கு மிகுந்த மரியாதை தரும் விஷயம்.

'ராக்பாக்ஸ் யுடிலிட்டி'யைக் கம்ப்யூட்டரில் இறக்கி, ஐபாடை இணைத்து, மாடலைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் ஐடியூன்ஸ் மூடியிருக்க வேண்டும். கிளாசிக்கில் பூட்லோடர் (ஆன் ஆனதும் முதலில் ஓடி மென்பொருளைத் தொடங்கி வைக்கும் நிரல்) போட ஐபாடை டிஎஃப்யூ என்ற, மென்பொருள் ஏற்றுவதற்கான நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்: மெனு, நடுப் பட்டன் இரண்டையும் திரை கறுத்துப்போகும்வரை, சுமார் 12 விநாடி, விடாமல் பிடிக்க வேண்டும். ஆப்பிளின் மென்பொருள் அழியாது. வீடியோ மாடலில் ஆன் ஆனவுடனே ஹோல்டு சுவிட்சைத் தள்ளினால் பழைய ஆப்பிள் மெனுவே வரும்.

இனி ஐடியூன்ஸ் தேவையில்லை. பென் டிரைவில் போடுவது போல ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பாடும். ஆப்பிள் கடைசிவரை இந்த ஐபாடுகளில் ஏற்காத ஃபிளாக், ஓபஸ், ஆக் வோர்பிஸ் எல்லாம் ஓடும். பாட்டுக்குப் பாட்டு ஒலி ஏறி இறங்குவதை ரீபிளேகெய்ன் சமன் செய்யும். எழுபதுகளின் பதிவையும் இப்போதைய பதிவையும் கலந்து கேட்கும் நமக்கு இது ஒன்றே போதும், ராக்பாக்ஸ் போட்டதற்குப் பலன் கிடைத்துவிடும். ஈக்வலைசரில் எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டுவது என்பதையும் நாமே அமைக்கலாம்.

தராதவையும் உண்டு. புளூடூத்தும் எஃப்எம்மும் இந்த ஐபாடுகளின் வன்பொருளிலேயே இல்லை, மென்பொருளால் வரவழைக்க முடியாது. புளூடூத் வேண்டுமானால் ஹெட்போன் துளையில் மாட்டும் சிறு டிரான்ஸ்மிட்டர்தான் வழி. ஐடியூன்ஸ் வழியாக ஏற்றிய வீடியோக்களையும் ராக்பாக்ஸில் பார்க்க முடியாது, ஆப்பிள் பக்கம் போக வேண்டும். தமிழ் எழுத்தில் டேக் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு ஆல்பத்தை மட்டும் ஏற்றி, கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

மூடியபின் வரும் கோளாறுகள்

ரீஸ்டோர் பாதியில் பிழை எண் காட்டி நின்றால் முதலில் யூஎஸ்பி கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள், ஹப் வழியாக இணைக்காதீர்கள். அப்புறமும் நின்றால் வேறு கார்டு போட்டுப் பாருங்கள். அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் பேட்டரி முழு சார்ஜ் ஏறும்வரை பொறுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் ரிப்பன் சாய்ந்திருக்கிறது. ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் பெட்டியை மூடும்போது ஹெட்போன் ரிப்பன் நசுங்கியிருக்கலாம்.

கழற்றிய பழைய டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் ஒரு உறையில் போட்டு, மாடல் எண்ணை மேலே எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் கோளாறு கார்டிலா போர்டிலா என்று சந்தேகம் வந்தால், அந்த டிஸ்க்கை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.